பனியில் இறங்கும் டிராக்டருக்குச் சங்கிலி

தெற்குக் கேரளத்தில், எங்கள் தனுவச்சபுரத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் ஏலாவின், அதாவது வயல்வெளியின், மேல் படுத்துக் கிடக்கும் மூடல்தான். ஏழு மணி ரயில் போகும்போது பாதி கலைந்திருக்கும், வெயில் ஏறினால் இருந்த இடம் தெரியாது. ஆனாலும் போன குளிர்காலம் முழுக்க நான் பேசியது பனியைப் பற்றித்தான். அக்காளின் மகன் கனடாவில், கியூபெக் மாகாணத்தில், ஒரு பால் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். மாட்டுத் தொழுவத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் வழி ஏற்றமும் இறக்கமுமாக இருக்குமாம். பால் வண்டி உள்ளே வருவதற்குள் பனியைத் தள்ளி வழி திறந்து வைக்க வேண்டும். அதற்கு அவனிடம் இருப்பது ஒரு டிராக்டர்.

"மாமா, டயரு கெடந்து சுத்துது, வண்டி அனங்கல்ல. முதலாளி செயின் போடச் சொல்லுதாரு. போட்டா என்ன ஆகும், எப்படிப் போடணும்?"

எனக்குத் தொழில் டில்லரும் டிராக்டரும் பழுது பார்ப்பது. பனியில் வண்டி ஓட்டியதில்லை. தொளியில், அதாவது குழைந்த வயல் சேற்றில், ஓட்டியிருக்கிறேன், மாட்டியவற்றை இழுத்து எடுத்திருக்கிறேன். அவனுக்காகத் தேடிப் படிக்கப் படிக்க, பனியும் தொளியும் எங்கே ஒன்று, எங்கே நேர் எதிர் என்பது தெளிவானது. இந்தப் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவர்களும் அறிய வேண்டிய ஒரு காரியம் அதில் இருந்தது. அது இந்தப் பதிவின் பின்பாதியில் வருகிறது. அங்கே வரை வாசியுங்கள்.

முதலில் இழுவை. வாங்கும்போது 35 எச்.பி., 45 எச்.பி. என்று எஞ்சினைக் கேட்டுத்தான் வாங்குகிறோம். ஆனால் எஞ்சின் எவ்வளவு பலம் கொடுத்தாலும், தரை எவ்வளவு பிடித்துக் கொடுக்கிறதோ அவ்வளவுதான் வண்டி இழுக்கும். பின் சக்கரங்களின் மேல் 1,200 கிலோ எடை நிற்கிறது என்று வையுங்கள். காய்ந்த கான்கிரீட்டில் ரப்பர் டயர் 800 கிலோவுக்கு மேல் இழுவை கொடுக்கும். மிதித்து இறுகிய பனியில் அது 250, 300 கிலோவாகக் குறையும். பனிக்கட்டியின் மேல் 100 கிலோ சொச்சம்தான். அதே எஞ்சின், அதே டயர், அதே டிரைவர். இதில் இன்னொன்று: கடும் குளிரில் இருக்கும் பனிக்கட்டியை விட, உருகும் நிலையில் மேலே மெல்லிய நீர்ப்படலத்தோடு இருக்கும் பனிக்கட்டிதான் அதிகம் வழுக்கும். குளிர் குறைந்த நாளில் வேலை சுலபம் என்று இறங்குகிறவன்தான் சறுக்குகிறான்.

எடை கூடினால் பிடிமானம் கூடும் என்பது நம் ஆட்களுக்கும் தெரியும். பின் டயரில் முக்கால் பங்குக்குத் தண்ணீர் நிரப்புவது இங்கே சாதாரணம். 13.6-28 அளவு டயர் ஒன்று சுமார் 200 லிட்டர் குடிக்கும். இரண்டுக்கும் சேர்த்து 400 கிலோ எடை அதிகம் கிடைக்கிறது. கனடாவில் வெறும் தண்ணீர் ஊற்றினால் உறைந்து கல்லாகும். அதனால் கால்சியம் குளோரைடு உப்பைக் கரைத்து ஊற்றுவார்கள். அது உறையாது, எடையும் கூடுதல். கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். இதைச் சொன்னதும் மருமகன் போய்ப் பார்த்து, வால்வைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதாகச் சொன்னான். டியூபை மாற்றச் சொன்னேன்.

எடை மட்டும் போதாது. வயலில் தொளி அடிக்கும்போது ரப்பர் டயருக்கு என்ன ஆகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? டயரின் பல்லுக்குப் பல் இடையில் இருக்கும் பள்ளத்தில் சேறு அப்பி அடைந்து, சக்கரம் மொழுக்கென்ற உருளையாகிவிடும். பிறகு அது உழாது, வழுக்கும். அதற்குத்தான் கேஜ் வீல். இரும்பு வளையங்களில் குறுக்கே ஆங்கிள் பட்டைகளை வைத்துப் பற்றவைத்த சக்கரம். பட்டைகளுக்கு இடையே வெறும் வெளி, ஆகவே சேறு ஒட்டி நிற்க இடமில்லை, உதிர்ந்துவிடும். டயரைக் கழற்றிவிட்டு முழுக் கேஜ் மாட்டுவதும் உண்டு, டயரோடு சேர்த்து அரைக் கேஜ் மாட்டுவதும் உண்டு.

பனியிலும் இதே கதைதான். உழவு டயரின் பெரிய பற்களுக்கு நடுவே பனி புகுந்து இறுகி, டயர் வெள்ளை உருளையாகும். சங்கிலி அங்கே செய்வது இரண்டு வேலை. குறுக்குச் சங்கிலிகள் டயரின் மேல் கொஞ்சம் தளர்ந்து அசைவதால், ஒவ்வொரு சுற்றிலும் அப்பிய பனியை உடைத்து உதிர்க்கின்றன. இரண்டாவது, சக்கரத்தின் மேல் நிற்கும் எடை சில இரும்புக் கண்ணிகளின் சிறு முனைகளில் இறங்குவதால் அவை பனியைக் குத்திக் கடிக்கின்றன. இங்கேதான் தொளியும் பனியும் பிரிகின்றன. கேஜ் வீல் எடையை அகலமாகப் பரப்பி வண்டியைப் புதையாமல் தாங்குகிறது. சங்கிலி எடையைக் குறுக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஆழமான தொளியில் சங்கிலி கட்டினால் டயர் இன்னும் வேகமாகக் குழி தோண்டும். பனிக்கட்டிக்குச் சங்கிலி எவ்வளவு பொருத்தமோ, தொளிக்கு அவ்வளவு பொருத்தமில்லாதது அது.

டயர்ச் சங்கிலிக்குக் காப்புரிமை வாங்கியவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட், 1904இல். மோட்டார்க்காரர்கள் சேற்றிலும் பனியிலும் டயரைச் சுற்றிக் கயிறும் கொடியும் கட்டுவதைப் பார்த்து இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். அப்போது டிராக்டருக்கு ரப்பர் டயரே கிடையாது. இரும்புச் சக்கரமும் அதில் பற்களும்தான். 1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் தன் யூ மாடல் டிராக்டரில் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்த பிறகுதான் டிராக்டர் ரோட்டில் நிம்மதியாக ஓடியது. வயலில் பிடித்த இரும்பு ரோட்டைக் கெடுத்தது. ரோட்டுக்கு வந்த ரப்பர் பனியில் தோற்றது. அதனால் ரப்பரின் மேலேயே இரும்பைப் போர்த்தினார்கள், வேண்டாதபோது கழற்றி வைக்கும்படியாக. கேஜ் வீலோடு தார் ரோட்டில் ஏறக் கூடாது என்று தமிழ்நாட்டுப் பக்கம் கலெக்டர்கள் எச்சரிக்கை விடுகிறார்களே, அதே சண்டை உலகம் முழுவதும் நடந்திருக்கிறது.

பனியில் டிராக்டர் என்றதும் என் மனசுக்கு உடனே வருவது எட்மண்ட் ஹிலாரி. 1953இல் எவரெஸ்ட் ஏறியவர் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். அவரே 1957 அக்டோபர் 14ஆம் தேதி அண்டார்டிகாவின் ஸ்காட் தளத்திலிருந்து புறப்பட்டு, 1958 ஜனவரி 4ஆம் தேதி தென் துருவம் போய்ச் சேர்ந்தார், மூன்று பெர்குசன் டிராக்டர்களில்! அமுண்ட்செனுக்கும் ஸ்காட்டுக்கும் பிறகு தரை வழியாகத் துருவத்தைத் தொட்ட மூன்றாவது குழு அவர்களுடையது. மோட்டார் வண்டியில் அங்கே முதலில் போனவர்களும் அவர்கள்தான். அந்த டிஇ20 வண்டி இங்கிலாந்தில் சாதாரணக் குடியானவனுக்காகச் செய்தது, 30 எச்.பி.கூட வராத எஞ்சின். டயர்ச் சங்கிலி மட்டும் அந்தப் பொடிப்பனிக்குப் போதாது. அதனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இன்னொரு சிறு சக்கரம் வைத்து, மூன்றையும் சுற்றிப் பட்டை பூட்டினார்கள், டாங்கிக்குப் பூட்டுவது போல. பனிப்பிளவில் ஒன்று விழுந்தால் மற்றவை தாங்கும்படி வண்டிகளைக் கயிற்றால் பிணைத்து ஓட்டினார்கள். மரே எல்லிஸ், ஜிம் பேட்ஸ் என்ற இரண்டு மெக்கானிக்குகள் வழி நெடுக அவற்றைப் பழுது பார்த்தே கொண்டுபோனார்கள். ஹிலாரியின் பெயரை உலகம் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த இருவரின் விறைத்த விரல்கள் நினைவுக்கு வரும். கையுறையோடு நட்டு பிடிக்க முடியாது. கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த பெர்குசன் வம்சம்தான் பிறகு மாஸி பெர்குசன் ஆகி, 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே வழியாக நம் வயலுக்கு 1035 என்ற பெயரில் வந்தது. எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாழைக்குலையும் செங்கல்லும் சுமந்த அந்தச் சிவப்பு வண்டிகளின் பாட்டன் துருவம் வரை போய்வந்தவன்.

நம் நாட்டிலும் பனிக்கதை உண்டு, அதில் தெற்கத்தி ஆட்களின் கை உண்டு. 1948இல் காஷ்மீரின் சோஜிலா கணவாயைத் திரும்பப் பிடிக்க, அந்த உயரத்துக்கு ஸ்டூவர்ட் டாங்கிகளை ஏற்ற முடிவு செய்தார்கள். சுமார் 11,500 அடி. பால்டாலிலிருந்து மேலே கோவேறு கழுதை போகும் பாதைதான் இருந்தது. அதை டாங்கி ஏறும் வழியாக அகலப்படுத்தியவர்கள் மேஜர் தங்கராஜு தலைமையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் பிரிவின் இரண்டு கம்பெனிகள். ராணுவத்தில் அவர்களுக்குத் தம்பி என்றே செல்லப்பெயர். நவம்பர் 1ஆம் தேதி அந்த வழியாக டாங்கிகள் ஏறிக் கணவாயைப் பிடித்தன. வெயிலில் வளர்ந்த ஆட்கள் பனியில் வழி வெட்டியிருக்கிறார்கள். இன்றும் எல்லைச் சாலைகளில் பனி அகற்றும் வேலையில் கேரளத்து ஆட்களும் தமிழ் ஆட்களும் இருக்கிறார்கள். டங்மார்க்கிலிருந்து குல்மார்க் ஏறும் ரோட்டில் பனி விழுந்துவிட்டால் சங்கிலி இல்லாத வண்டியைப் போலீஸ் மேலே விடாது. சுற்றுலா போகிறவர்கள் அங்கே வாடகைச் சங்கிலிக்காரரோடு சண்டை போடாதீர்கள். அந்த விதி உயிரைக் காக்கிற விதி.

இனி மருமகனுக்குச் சொன்ன வேலை விவரம்.

சங்கிலியில் ஏணி மாதிரி ஒன்று, வலை மாதிரி ஒன்று. ஏணி மாதிரியில் இரண்டு பக்கச் சங்கிலியும் நடுவே குறுக்குச் சங்கிலிகளும் இருக்கும். விலை குறைவு. ஆனால் உழவு டயரில் பற்கள் சாய்வாக, நல்ல இடைவெளி விட்டு இருக்கும். குறுக்குச் சங்கிலிகளும் தள்ளித் தள்ளி இருந்தால் அவை பற்களுக்கு நடுவே பள்ளத்தில் விழுந்து ஒளிந்துகொள்ளும். தரையைத் தொடுவது பழைய ரப்பர்தான். காசு போட்டும் பயனில்லை. அந்த டயருக்குக் குறுக்குச் சங்கிலி நெருக்கமாக உள்ள ஏணி வேண்டும், இல்லையென்றால் பற்களின் மேல் விரிந்து கிடக்கும் வலை வேண்டும். வலை மாதிரி பக்கவாட்டுச் சறுக்கலையும் தடுக்கும். சரிவான வழிக்கு அதுதான் நல்லது என்று சொன்னேன்.

மாட்டுவதற்கு முன்னால் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது, உள்பக்கம் ஹைட்ராலிக் குழாய் ஏதாவது உரசுமா என்று பார்க்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் போடுவதானால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யணும். சங்கிலியை முறுக்கில்லாமல் தரையில் நீட்டி விரித்து, அதன் மேல் மெல்ல ஏற்றி, உள்பக்கக் கொக்கியை முதலில், வெளிப்பக்கத்தைப் பிறகு மாட்டுவது வழக்கம். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தித் திரும்பவும் இறுக்க வேண்டும். இந்த இரண்டாவது இறுக்கத்தை விடுகிறவர்கள்தான் சங்கிலி அறுந்து மட்கார்டை அடித்து நொறுக்கியதாகப் புலம்புவார்கள். பனி இல்லாத தார் ரோட்டில் சங்கிலியோடு ஓடினால் கண்ணி தேயும், ரோடும் பாழாகும். சக்கரம் சுழன்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் விட்டுவிட வேண்டும்.

பிரேக்கைப் பற்றித்தான் அவனிடம் அதிக நேரம் பேசினேன். ஏறுவதற்குச் சங்கிலி வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. டிராக்டரின் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்தில் மட்டும். முன் டயர் நிற்பதற்கு உதவாது, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தால் மட்டும் கியர் வழியாக முன்னும் பிடிக்கும். ஆகவே இறக்கத்தில் நான்கு சக்கரத்தையும் இணைத்தே வைத்திருக்கணும், சின்னக் கியரில் இறங்கணும், கிளச்சை மிதிக்கவே கூடாது. இடது வலது பிரேக் பெடல்களைக் கொக்கி போட்டு ஒன்றாக்கியிருக்க வேண்டும். பனிச் சரிவில் ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி சுழலும். முன்னால் லோடரில் பனியை அள்ளித் தூக்கிக்கொண்டு இறங்கினால் பின்பக்கம் லேசாகிச் சங்கிலிக்கே அழுத்தம் கிடைக்காது. லோடர் தாழ இருக்கணும், பின்னால் எடை கட்டியிருக்கணும். ஒரே ஒரு ஜோடி சங்கிலிதான் இருக்கிறது என்றால் அது பின் சக்கரத்துக்கு. முன்னால் மட்டும் கட்டி இறங்கினால் பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு வரும் என்றேன். டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டுக்கொண்டு வளைவில் திரும்பக் கூடாது என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

இனி நான் முன்பே சொன்ன காரியம்.

சக்கரம் வழுக்குவதை நாம் தொல்லையாகவே பார்க்கிறோம். ஆனால் வழுக்குவது ஒரு காப்பும்கூட. சுமை நகரவில்லை, எஞ்சின் தள்ளுகிறது என்றால், அந்தப் பலம் எங்கேயாவது போயாக வேண்டும். சக்கரம் சுழன்றால் அந்த வழியில் போய்விடும். சக்கரமும் சுழல முடியாமல் தரையைப் பிடித்துக்கொண்டால்? பின் ஆக்ஸிலைச் சுற்றி டிராக்டரின் உடம்பே சுழலும். முன்பக்கம் எழும்பும். எழும்பத் தொடங்கி முக்கால் விநாடியில் திரும்ப முடியாத நிலையைத் தாண்டும், ஒன்றரை விநாடியில் மல்லாந்து டிரைவரின் மேல் விழும். மனுஷன் சுதாரித்துக் கிளச்சை மிதிக்க அந்த நேரம் போதாது.

சங்கிலி போட்ட சக்கரம் எளிதில் வழுக்காது. அதனால் சங்கிலி போட்ட டிராக்டருக்கு இந்த அபாயம் கூடுதல். மேட்டில் ஏறும்போது, உறைந்து கிடக்கும் கட்டையை இழுக்கும்போது, கிளச்சைத் திடீரென்று விடும்போது. எதை இழுத்தாலும் ஆக்ஸிலுக்குக் கீழே உள்ள டிராபாரில் மட்டும் கட்டு, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் ஒருபோதும் கட்டாதே என்று மருமகனிடம் வாக்கு வாங்கினேன். மேலே கட்டினால் சுமையே வண்டியைப் பின்னால் கவிழ்க்கும்.

அவனுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அவன் ஓட்டும் வண்டியில் இரும்புக் கூண்டுள்ள கேபினும் சீட் பெல்ட்டும் உண்டு. சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர் எல்லாவற்றுக்கும் கவிழ்ந்தாலும் நசுங்காத இரும்புச் சட்டகம் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது அதன் பிறகு அடியோடு குறைந்தது. நம் ஊரில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் அந்த இரும்பு வளைவு கிடையாது. வெயிலுக்குக் கட்டியிருக்கும் தகரக்கூரை அந்த வேலையைச் செய்யாது. சரிந்தால் டிரைவரோடு சேர்ந்து மடங்கும்.

இப்போது நம் வயலுக்கு வருகிறேன். தொளியில் மாட்டிய டிராக்டரை வெளியே எடுக்க நம் ஆட்கள் செய்யும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டு பின் சக்கரத்துக்கும் குறுக்கே ஒரு தெங்குத்தடியையோ முறித்த மரக்கொம்பையோ வைத்துச் சங்கிலியால் கட்டிவிட்டு முன்னோக்கி எடுப்பது. தடி கீழே போய்த் தரையில் ஊன்றும், சக்கரம் அதில் ஏறும் என்பது கணக்கு. பல தடவை வண்டி வெளியே வந்தும் இருக்கிறது. அதனால்தான் விடாமல் செய்கிறார்கள். ஆனால் தடி சேற்றுக்கு அடியிலுள்ள கெட்டித் தரையில் குத்தி நின்றுவிட்டால் சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும். எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் அசையாது. மிச்சம் இருப்பது டிரைவர் உட்கார்ந்திருக்கும் உடம்புப் பகுதிதான், அது சுழல்கிறது. இப்படிப் போன உயிர்களைப் பற்றித் தென்மாவட்டப் பத்திரிகைகளில் நான்கு வரிச் செய்தி வரும். டிராக்டர் கவிழ்ந்து டிரைவர் பலி. ஏன் கவிழ்ந்தது என்று ஒரு வரி எழுதமாட்டார்கள். எழுதினால் அடுத்த வயலில் ஒருவன் பிழைப்பான்.

இந்தப் பக்கம் நெல் வயல் குறைந்து போனது உண்மை. கேரளத்தில் எழுபதுகளின் நடுவில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல், இப்போது இரண்டு லட்சத்தைச் சுற்றி நிற்கிறது. ஏலாக்களில் ஏத்தன் வாழையும் மரச்சீனியும் நிற்கின்றன. அதனாலேயே தொளியில் வண்டி ஓட்டிப் பழகிய மூத்தவர்கள் அருகிவிட்டார்கள், ரோட்டில் லோடு அடித்துப் பழகிய இளையவர்கள் மழைக்காலத்தில் திடீரென்று வயலில் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டதும் பக்கத்தில் நிற்கும் பத்துப் பேரும் பத்து யோசனை சொல்வார்கள், அதில் ஒன்று கட்டாயம் மரத்தடியாக இருக்கும்.

தம்பிமாரே, சக்கரம் ஒருமுறை சுழன்று குழி தோண்டியதும் எஞ்சினை நிறுத்துங்கள். பின்னால் மாட்டியிருக்கும் கலப்பையையோ ரொட்டவேட்டரையோ கழற்றிப் போடுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் மண்வெட்டியால் சரிவாக வெட்டி, தென்னை மட்டையோ பலகையோ போட்டு, ரிவர்ஸில் எடுங்கள். ரிவர்ஸில் எஞ்சினின் திருப்பம் முன்பக்கத்தைக் கீழே அமுக்கும், எழுப்பாது. அதிலும் வரவில்லை என்றால் கெட்டித் தரையில் நிற்கும் இன்னொரு டிராக்டரை வைத்து, இரண்டு வண்டியிலும் தாழ்வான டிராபாரில் நீளமான வடம் கட்டி இழுங்கள். வடம் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துக்குள் யாரையும் நிற்கவிடாதீர்கள், முக்கியமாக வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளை.